செய்தி செல்லும் வழியும் மறையீட்டின் வலிமையும்

ஒரு செய்தியை அதற்குரியவர் தவிரப் பிறர் அறியாதவாறு உருமாற்றி அனுப்பும் முறைகளையும், அவ்வாறு உருமாறிய செய்தியைப் பிறர் உடைத்து அறியும் முறைகளையும் ஆராயும் துறை மறையீட்டியல் எனப்படுகிறது. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் மறைப்போருக்கும் உடைப்போருக்கும் இடையே நடந்த அறிவுப் போட்டியாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. அதில் உண்மை உண்டு என்றாலும், அந்தப் போட்டியின் களத்தை வகுத்தவை துறைக்கு வெளியிலிருந்து வந்த இரண்டு ஆற்றல்களே ஆகும். செய்தி எந்த வழியில், யார் யார் கைகளைக் கடந்து செல்கிறது என்பது ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை கணக்குகளைப் போட்டு முடிக்க முடியும் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் கணிப்பு வேகமே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் மறையீட்டியலின் அடிப்படைக் கருத்துகளைத் திருப்பிப் போட்ட மாற்றங்களில் பல, செய்தி செல்லும் வழி மாறியபோது நேர்ந்தவை.

தூதுவர் கையில் ஓலையும் காகிதமும் சென்ற காலத்தில் மறையீடு எளிமையாகவே இருந்தது. ஜூலியஸ் சீசர் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அகரவரிசையில் மூன்று இடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுயட்டோனியஸ் குறிப்பிடுகிறார். இத்தகைய மாற்றீட்டு முறைகளை எவ்வாறு உடைப்பது என்பதை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி விளக்கினார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அரிதாகவும் வருவதால், மறையீட்டில் அதிகம் வரும் குறியை அம்மொழியில் அதிகம் வரும் எழுத்தோடு பொருத்திப் பார்த்தே செய்தியை மீட்டுவிடலாம் என்பது அவர் கண்ட வழி. இதற்கு மாற்றாக, ஒரே எழுத்தை இடத்துக்கு இடம் வெவ்வேறு குறிகளால் மறைக்கும் முறைகள் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் தோன்றின. ஆனால் அவற்றைக் கையால் எழுதுவது கடினமாகவும் பிழை மலிந்ததாகவும் இருந்ததால், தூதரகங்கள் அவற்றை நெடுங்காலம் நாடவில்லை. நம்பிக்கைக்குரிய தூதுவர் எடுத்துச் சென்ற சில கடிதங்களுக்கு அவ்வளவு உழைப்பு தேவைப்படவும் இல்லை.

இந்த நிலையை மாற்றியது தந்தி. சாமுவேல் மோர்ஸ் 1844இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டிய மறு ஆண்டிலேயே, தந்திச் செய்திகளை மறைப்பதற்கான குறிச்சொல் நூல் ஒன்று அமெரிக்காவில் அச்சாகியது. மூடி முத்திரையிட்ட கடிதத்தை வழியில் எவரேனும் பிரித்தால் தடயம் எஞ்சும். தந்தியிலோ, அனுப்பும் அலுவலக எழுத்தரும் பெறும் அலுவலக எழுத்தரும் இடையிலுள்ளவர்களும் செய்தியைப் படித்தாலன்றி அது நகரவே நகராது. அந்நியர் படிப்பது இவ்வாறு தந்தி முறையின் இயல்பாகவே ஆகிவிட்டதால், வணிகர்களும் வங்கிகளும் அரசுகளும் மறையீட்டைத் தேடி வந்தனர். போர்க்களத்திலும் ஒரு படைத்தலைவர் ஒரே நாளில் பல பிரிவுகளுக்குக் கட்டளை அனுப்ப முடிந்ததால், மறையீட்டு முறையை அறிந்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை சிலரிலிருந்து ஆயிரக்கணக்கானோராகப் பெருகியது.

இத்தனை பேர் அறிந்த ஒரு முறை இரகசியமாக நிலைக்காது என்ற உண்மையைத் தெளிவாகச் சொன்னவர், பாரிஸில் ஜெர்மன் மொழி கற்பித்த நெதர்லாந்துக்காரரான ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ். 1883இல் பிரெஞ்சு இராணுவ ஆய்விதழில் வெளியான கட்டுரையில், நல்ல மறையீட்டு முறைக்கு அவர் ஆறு தகுதிகளை வகுத்தார். அது தந்தியில் அனுப்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மற்றொன்றுதான் இன்றளவும் துறையின் அடித்தளமாக விளங்குகிறது: மறைக்கும் முறை பகைவர் கையில் சிக்கினாலும் பாதிப்பு நேரக்கூடாது, இரகசியம் முழுவதும் எளிதில் மாற்றத்தக்க ஒரு சிறு தகவலில், அதாவது திறவுகோலில், அடங்கியிருக்க வேண்டும். மறையீட்டியல் வரலாற்றின் மிகத் துணிவான கருத்து இதுவே எனலாம். ஒரு முறை எவ்வளவு மறைவாக உள்ளது என்பதை விட்டுவிட்டு, அது பலரறிய எவ்வளவு ஆராயப்பட்டும் உடையாமல் நிற்கிறது என்பதை வைத்து அதன் வலிமையை மதிப்பிடும் வழக்கத்துக்கு வித்திட்டது இக்கருத்து.

தந்தியில் செய்தியைப் பார்க்கக் கம்பியை அணுக வேண்டியிருந்தது. கம்பியில்லாத் தந்தி வந்தபோது அந்தத் தடையும் அகன்றது; வானலையில் அனுப்பிய செய்தியை அலைவாங்கி வைத்திருந்த எவரும் பெற முடிந்தது. 1914 ஆகஸ்ட் மாதம் ரஷ்யப் படைகள் தம் கட்டளைகளுள் பலவற்றை மறையீடின்றி வானலையில் அனுப்ப, அவற்றைக் கேட்டறிந்த ஜெர்மானியர் டானன்பர்க் போரில் பெருவெற்றி பெற்றனர். அதே ஆண்டு ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளைப் பிரிட்டன் அறுத்தெறிந்ததன் விளைவாக ஜெர்மானியச் செய்திகள் வானலைக்கும் பிறநாட்டுக் கம்பிகளுக்கும் தள்ளப்பட்டன. மெக்சிகோவுக்குக் கூட்டணி ஆசை காட்டி ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் 1917 ஜனவரியில் அனுப்பிய தந்தி பிரிட்டிஷ் கடற்படையின் மறையீடு உடைக்கும் பிரிவான 40ஆம் எண் அறையில் உடைத்தறியப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. வானலையைக் கேட்பதே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்த அடுத்த உலகப் போரில் இலங்கைக்கும் அதில் பங்கு கிடைத்தது. ஜப்பானியக் கடற்படையின் செய்திகளை இடைமறித்து ஆராய்ந்த பிரிட்டிஷ் பிரிவு, 1942இன் தொடக்கத்தில் சிங்கப்பூரை விட்டுக் கொழும்புக்கு வந்து இயங்கியது.

ஒரு நாளில் ஆயிரக்கணக்கான வானொலிச் செய்திகளைக் கையால் மறையாக்கம் செய்ய இயலாத நிலையில்தான் மின்பொறிகள் தேவைப்பட்டன. ஜெர்மானியப் பொறியாளர் ஆர்தர் ஷெர்பியஸ் 1918இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த எனிக்மா, அத்தகைய பொறிகளில் புகழ்பெற்றது. தட்டச்சுப்பொறி போன்ற விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்தினால், மின்னோட்டம் மூன்று சுழல் சக்கரங்களுக்குள் பின்னிக் கிடக்கும் கம்பிகளின் வழியே சென்று திரும்பி வேறோர் எழுத்தின் விளக்கை எரியச் செய்யும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சக்கரம் ஓர் இடம் நகர்வதால், அதே எழுத்தை மீண்டும் அழுத்தினால் வேறு விளக்கு எரியலாம். ஐந்து சக்கரங்களில் மூன்றைத் தேர்ந்து வரிசைப்படுத்த 60 வழிகளும், அவற்றைத் தொடக்க நிலையில் நிறுத்த 17,576 வழிகளும், முன்புறச் செருகு பலகையில் பத்துக் கம்பிகளைக் கொண்டு எழுத்துகளை இணைக்கச் சுமார் 150 லட்சம் கோடி வழிகளும் இருந்தன. இவற்றைப் பெருக்கினால் கிடைக்கும் எண், 159க்குப் பின் பதினெட்டுச் சுழியங்கள் இட்டாற்போன்றது. எழுத்துகளின் வருகையை எண்ணும் அல்-கிந்தியின் வழி இங்கே பயன்படாது.

அப்பொறியை முதலில் வென்றவர்கள் போலந்து நாட்டவர் என்பது போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. போஸ்னான் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற மரியான் ரெயெவ்ஸ்கி, யெர்ஜி ருஜிட்ஸ்கி, ஹென்ரிக் ஜிகால்ஸ்கி ஆகிய மூவரைப் போலந்தின் மறையீட்டு அலுவலகம் பணிக்கு எடுத்தது. அதற்கு முன் மொழியறிஞர்களின் தொழிலாகக் கருதப்பட்ட ஒன்று கணிதவியலாளர் கைக்கு மாறிய தருணம் அது. வானலையில் இரைச்சல் மிகுதியாதலால், ஒவ்வொரு செய்திக்கும் உரிய மூவெழுத்துத் திறவுகோலை இருமுறை மறையாக்கம் செய்து தொடக்கத்தில் அனுப்புமாறு ஜெர்மானிய விதி பணித்திருந்தது. முதலெழுத்தும் நான்காம் எழுத்தும், இரண்டும் ஐந்தும், மூன்றும் ஆறும் ஒரே மூல எழுத்தின் இரு வடிவங்கள் என்பதால், அவற்றுக்கிடையே உள்ள தொடர்பை வரிசை மாற்றக் கணிதத்தால் ஆராய்ந்தும், பிரெஞ்சு உளவுத்துறை விலைக்கு வாங்கித் தந்த சில ஆவணங்களின் துணை கொண்டும், 1932 டிசம்பரில் ரெயெவ்ஸ்கி இராணுவ எனிக்மாவின் சக்கரங்களுக்குள் கம்பிகள் பின்னப்பட்ட அமைப்பையே கண்டறிந்தார். செய்தி பிழையின்றிச் சேர வேண்டும் என்று எடுத்த முன்னெச்சரிக்கையே மறையீட்டின் கதவைத் திறந்துவிட்டது. 1938இல் ஜெர்மானியர் மேலும் இரண்டு சக்கரங்களைச் சேர்த்தபோது, திறவுகோலைத் தேடுவதற்காகப் போலந்து கட்டியிருந்த மின்பொறிகளைப் போலப் பத்து மடங்கு தேவைப்பட்டன. அதற்குரிய வசதி இல்லாத நிலையில், போருக்குச் சில வாரங்களே இருந்த 1939 ஜூலையில், வார்சா அருகே தம் அறிவு முழுவதையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அவர்கள் கையளித்தனர். அந்தப் பெருந்தன்மை பல உயிர்களைக் காத்தது.

பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் வேறு வழியில் சென்றார். எந்த எழுத்தும் தன்னையே தனக்கு மறைவடிவமாகக் கொள்ளாது என்பது எனிக்மாவின் கட்டமைப்பிலேயே அமைந்த குறை. வானிலை அறிக்கை போன்ற வாய்பாட்டுச் செய்திகளில் இன்ன சொல் வந்திருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகத்தோடு முரண்படும் நிலைகளையெல்லாம் விரைந்து கழித்துக் கட்டும் 'பாம்' என்ற மின்பொறியை அவர் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மன் அதனை மேம்படுத்தினார். முதல் பொறி 1940 மார்ச் மாதம் நிறுவப்பட்டது. இதைவிடச் சிக்கலான லோரன்ஸ் பொறியை ஜெர்மானிய உயர்தலைமை தொலையச்சுச் செய்திகளுக்குப் பயன்படுத்தியது. அப்பொறியைக் கண்ணால் காணாமலேயே அதன் பன்னிரண்டு சக்கர அமைப்பைப் பில் டட் ஊகித்தறிந்தார். அதன் திறவுகோலைத் தேட அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் சுமார் 1,500 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு கொலோசஸ் என்ற மின்னணுக் கணிப்பொறியைக் கட்டினார். அத்தனை குழாய்கள் ஒருங்கே இயங்கினால் அடிக்கடி பழுதாகும் என்று பலர் ஐயுற்றபோது, அணைக்காமல் தொடர்ந்து எரியவிட்டால் அவை நீடித்து உழைக்கும் என்பதைத் தொலைபேசி நிலையப் பணியில் அவர் அறிந்திருந்தார். துளையிட்ட காகித நாடாவிலிருந்து நொடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்த அப்பொறி 1944இன் தொடக்கத்தில் பணிக்கு வந்தது. தொழில்நுட்பம் மறையீட்டை வளர்த்தது போலவே மறையீடும் தொழில்நுட்பத்தை வளர்த்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. போருக்குப் பின் கொலோசஸ் பொறிகளுள் பெரும்பாலானவை பிரித்தழிக்கப்பட்டு, முப்பது ஆண்டுகள் அச்செய்தியே வெளிவராமல் காக்கப்பட்டதால், கணினி வரலாற்றில் ஃபிளவர்ஸுக்கு உரிய இடம் மிகத் தாமதமாகவே கிடைத்தது.

எவராலும் உடைக்கவே இயலாத மறையீடும் இதற்கு முன்பே பிறந்திருந்தது. அமெரிக்கப் பொறியாளர் கில்பர்ட் வெர்னம் 1917இல் தொலையச்சு நாடாவில் உருவாக்கிய முறையில், செய்தியின் நீளத்துக்குச் சமமான, எவ்வித ஒழுங்குமற்ற திறவுகோலை ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தினால், எத்தனை கணினிகளாலும் அதனை உடைக்க முடியாது என்பதைக் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். மாஸ்கோவையும் வாஷிங்டனையும் இணைக்க 1963இல் அமைந்த நேரடித் தொடர்பு இம்முறையையே நம்பியது. ஆயினும் அனுப்பும் செய்தியளவுக்குத் திறவுகோலையும் முன்கூட்டியே பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை, இரு வல்லரசுகளுக்கு இயன்றாலும் வங்கிகளுக்கும் வணிகருக்கும் இயலாததாக இருந்தது.

கணினிகள் வங்கிகளுக்குள் நுழைந்தபோது மறையீடு முதன்முறையாகப் பொதுத் தரநிலை ஒன்றைப் பெற்றது. ஐபிஎம் நிறுவனத்தில் ஹோர்ஸ்ட் ஃபைஸ்டல் தொடங்கிய பணியிலிருந்து உருவான 'டெஸ்' முறையை அமெரிக்க அரசு 1977இல் ஏற்றது. கணினி மொழியில் சுழியம் அல்லது ஒன்று என்ற ஓர் இலக்கம் பிட் எனப்படும். டெஸ் திறவுகோலின் நீளம் 56 பிட்டுகள், அதாவது சுமார் 72,000 லட்சம் கோடித் திறவுகோல்கள். அது போதாது என்று ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அப்போதே எச்சரித்தனர். சில்லுகள் மலிவாகும்தோறும் எல்லாத் திறவுகோல்களையும் வரிசையாக முயன்று பார்க்கும் பொறி கைக்கெட்டும் தூரத்துக்கு வரும் என்பது அவர்கள் வாதம். 1998இல் எலெக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2,50,000 டாலருக்கும் குறைவான செலவில் அத்தகைய பொறியைக் கட்டி, 56 மணி நேரத்தில் டெஸ் மறையீட்டை உடைத்துக் காட்டியது. அடுத்த தரநிலையின் தேர்வு உலகறிந்த போட்டியாக நடந்தது. பதினைந்து முறைகள் போட்டியிட, பெல்ஜியத்தின் யோவான் டேமனும் வின்சென்ட் ரெய்மனும் வகுத்த முறை 2000இல் வென்று, மறு ஆண்டில் 'ஏஇஎஸ்' என்ற பெயரில் தரநிலையாயிற்று. அதன் திறவுகோல் குறைந்தது 128 பிட்டுகள் கொண்டது. டெஸ்ஸைவிட முயல வேண்டிய திறவுகோல்கள் சுமார் 4.7 கோடி கோடி கோடி மடங்கு மிகுதி. திறவுகோலில் ஒரு பிட் கூடினால் உடைப்பவரின் உழைப்பு இரட்டிப்பாகும், மறைப்பவருக்குக் கூடும் சுமையோ மிகச் சிறிது என்பதால், கணினிகள் எவ்வளவு வேகம் பெற்றாலும் அந்த வேகம் மறைப்பவருக்கே கூடுதலாக உதவுகிறது.

வேகத்தால் தீராத சிக்கல் ஒன்று எஞ்சியிருந்தது. ஆயிரம் பேர் இருவர் இருவராகத் தனித்துப் பேச வேண்டுமானால் 4,99,500 திறவுகோல்கள் தேவை. அவற்றை நேரிலோ தூதுவர் வழியாகவோ முன்பே பரிமாறிக்கொள்ளவும் வேண்டும். கணினி வலையமைப்புகள் தோன்றி, ஒருவரையொருவர் அறியாதோர் தொடர்புகொள்ளும் நாள் வரப்போவது தெரிந்தபோது இது இனியும் தள்ளிப்போட முடியாத சிக்கலாயிற்று. மூடுவதற்கும் திறப்பதற்கும் வெவ்வேறு திறவுகோல்கள் இருக்கலாம் என்று டிஃபியும் ஹெல்மனும் 1976இல் முன்வைத்த கருத்து, இரண்டாயிரம் ஆண்டு வழக்கத்தை உடைத்தது. கோயில் உண்டியலில் எவரும் காணிக்கை இடலாம், திறக்க உரிமையுள்ளவர் மட்டுமே திறக்கலாம் என்பதைப் போல, மூடும் திறவுகோலை ஊரறிய வெளியிட்டுத் திறக்கும் திறவுகோலை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். மறு ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் அதற்குக் கணித வடிவம் தந்தனர். இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்து அவ்விரு எண்களைக் கண்டுபிடி என்றால் அது மிகக் கடினம். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் 'ஆர்எஸ்ஏ' எனப்பட்ட இம்முறையைப் பிரிட்டனின் அரசு உளவு நிலையத்தில் ஜேம்ஸ் எல்லிஸும் கிளிஃபர்ட் காக்ஸும் சில ஆண்டுகள் முன்பே கண்டிருந்தனர் என்பது 1997இல்தான் வெளியாயிற்று. அங்கே அது கோப்புக்குள் உறங்கிக் கிடக்க, வெளியுலகில் பிறந்ததே உலகை மாற்றியது. அறிவை மூடிவைப்பதால் நேரும் இழப்புக்கு இது வருந்தத்தக்க சான்று. இன்று ஒருவர் தம் கைபேசியில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் ஏற்ற இலக்கமுறைக் கையொப்பத்தை இடும்போதும் அடியில் இயங்குவது இந்தப் பொதுத்திறவுகோல் கருத்தே.

கணிதத்தின் கடினம் காலத்துக்குக் கட்டுப்பட்டது என்பதையும் ஆர்எஸ்ஏ காட்டியது. 1977இல் அறைகூவலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண்ணைக் காரணிப்படுத்த 40,000 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும் என மதிப்பிடப்பட்டது. 1994இல், இணையத்தால் இணைந்த சுமார் 600 தன்னார்வலர்களின் 1,600 கணினிகள் சில மாதங்களில் அதை முடித்தன. வேகமான கணினிகளும், இடைக்காலத்தில் கண்டறியப்பட்ட மேலான காரணிப்படுத்தல் வழிமுறைகளும், கணினிகளை ஒன்றுகூட்டிய வலையமைப்பும் சேர்ந்தே மதிப்பீட்டைப் பொய்யாக்கின. கணிதத்தைத் தொடாமலே உடைக்கும் வழியும் உண்டு: மறையாக்கத்துக்குக் கருவி எடுத்துக்கொள்ளும் நேரத்தின் நுண்ணிய வேறுபாடுகளிலிருந்தே திறவுகோலை அறியலாம் என்று பால் கோச்சர் 1996இல் காட்டிய பின், சில்லு வடிவமைப்போரும் மறையீட்டியலைக் கற்க நேர்ந்தது.

கணினி வேகம் மறைப்பவருக்கே சாதகம் என்ற நிலையைக் குவாண்டம் கணினி குலைக்கக்கூடும். அணுக்களும் அவற்றினும் நுண்ணிய துகள்களும் காட்டும் இயல்புகளைக் கொண்டு கணக்கிடும் அத்தகைய கணினியில், ஓர் எண் தொடர் எத்தனை இடங்களுக்கு ஒருமுறை தன்னைத் திரும்ப நிகழ்த்துகிறது என்பதை மிக விரைவாக அறியலாம் என்றும், காரணிப்படுத்தலை அந்தக் கேள்வியாக மாற்றிவிடலாம் என்றும் பெல் ஆய்வகத்தின் பீட்டர் ஷோர் 1994இல் நிறுவினார். ஏஇஎஸ் போன்ற முறைகள் நீண்ட திறவுகோலால் தப்பிக்கும். ஆர்எஸ்ஏவும் அதனையொத்த பொதுத்திறவுகோல் முறைகளும் தப்பா. இன்றைய ஆர்எஸ்ஏ எண்களை உடைக்குமளவு பெரிய குவாண்டம் கணினி இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் இன்று வலையமைப்பில் செல்லும் மறையீட்டுச் செய்திகளைச் சேமித்து வைத்து, அத்தகைய கணினி வரும் நாளில் திறந்து பார்க்கலாம் என்பதால், பல்லாண்டுகள் மறைவாக இருக்க வேண்டிய மருத்துவப் பதிவுகளுக்கும் அரசு ஆவணங்களுக்கும் ஆபத்து இப்போதே தொடங்கிவிட்டது.

இதனை முன்னிட்டு அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2016இல் அழைப்பு விடுத்த மற்றொரு திறந்த போட்டியின் பயனாக, 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரநிலைகள் வெளியாயின. அவற்றுள் இரண்டு, பல நூறு பரிமாணங்களில் ஒழுங்காக அடுக்கப்பட்ட புள்ளிகளிடையே மிக அண்மைப் புள்ளியைக் காண்பது கடினம் என்ற கணிதச் சிக்கலைச் சார்ந்தவை. போட்டியின் நடுவே நேர்ந்தவை கவனிக்கத்தக்கன. கடைசிச் சுற்றுகள் வரை வந்த 'ரெயின்போ' என்ற கையொப்ப முறையை 2022இல் ஓர் ஆய்வாளர் மடிக்கணினியைக் கொண்டு ஒரு வார இறுதிக்குள் உடைத்தார். அதே ஆண்டு 'சைக்' என்ற முறையைப் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், 1997இல் வெளியான ஒரு கணிதத் தேற்றத்தின் துணையால், சாதாரணக் கணினிச் செயலியின் ஒரே மையத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் வீழ்த்தினர். இரண்டுக்கும் குவாண்டம் கணினி தேவைப்படவில்லை. புதிய முறைகளுக்கு இன்னும் போதிய வயதாகவில்லை என்பதை உணர்ந்த உலாவிகளும் செய்திச் செயலிகளும் இப்போது பழைய முறையால் ஒரு திறவுகோலையும் புதிய முறையால் ஒரு திறவுகோலையும் உருவாக்கி, இரண்டையும் கலந்து பயன்படுத்துகின்றன. பழைய முறையின் 32 பைட்டுகளோடு புதியதன் 1,184 பைட்டுகளையும் சுமக்க வேண்டியிருந்தாலும், அவ்விரண்டில் ஒன்று உடைந்தாலும் மற்றொன்று செய்தியைக் காக்கும் என்பதற்காக அந்தச் சுமையை அவை ஏற்கின்றன.